சும்மா மன்னித்திருக்கலாமே?

கே: நம் பாவத்தை மன்னிக்க வேண்டுமென்றால் கடவுள் சும்மா மன்னித்திருக்கலாமே? ஒரே மகனை எதற்காகச் சிலுவைக்குக் கொடுக்க வேண்டும்? எனக்கும் ஒரே மகன்தான். அவனுக்கு ஊசி போடும்போதுகூட நான் வெளியே போய் நின்றுகொள்வேன். இதை அன்பு என்று எப்படிச் சொல்கிறார்கள்?
- ஒரு தகப்பன், அல்சூர்

ப: சும்மாவா! பெங்களூரில் குடியிருந்துகொண்டு இந்தச் சொல்லை எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? மழை தூறினால் ஆட்டோக்காரர் மீட்டரைத் துண்டு போட்டு மூடிவிடுகிறார். லாரித் தண்ணீருக்குக் காசு, இட்லி தின்கிற நேரத்துக்கு வண்டியை நிறுத்தக் காசு. 2023 ஜூன் 11 முதல் பெண்களுக்கு அரசு சாதாரண பஸ் மட்டும் இலவசம். அதற்கும் கண்டக்டர் பூஜ்யம் ரூபாய் என்று போட்டு ஒரு டிக்கெட்டை நீட்டுகிறார். அந்தக் கணக்கைக் காட்டித்தான் போக்குவரத்துக் கழகம் அரசிடம் பணம் கேட்கிறது. ஏறியவர் கொடுக்காவிட்டாலும் யாரோ கொடுக்கிறார்கள். இந்தத் திட்டத்தைப் பாராட்டி இதே பக்கத்தில் எழுதியபோது ஆண் வாசகர்கள் என்னை வறுத்தெடுத்தார்கள். 'என் மனைவி தினமும் சும்மா ஊர் சுற்றுகிறாள்' என்று ஒருவர் கடிதம் போட்டார். அவருக்கு இன்றுதான் பதில் எழுதுகிறேன்: சுற்றட்டும், சார்.

உங்கள் கேள்விக்கு வயது 900-க்கு மேல். இங்கிலாந்தின் கான்டர்பரி பேராயர் அன்செல்ம் 1098-இல் இதற்காகவே ஒரு நூல் எழுதி முடித்தார். பாவத்தால் கடவுளுக்குச் சேரவேண்டிய மரியாதை கடனாக நிற்கிறது. கடன் மனிதனுடையது, தீர்க்கும் சக்தி கடவுளுடையது. ஆகவே இரண்டுமான ஒருவர் வந்தாக வேண்டும் என்பது அவர் வாதம். கச்சிதம்தான். ஆனால் அன்செல்ம் துறவி, பிள்ளைகுட்டி கிடையாது. அடுத்த தலைமுறையில் பிரெஞ்சு இறையியலாளர் அபெலார்ட், குற்றமற்ற ஒருவரின் ரத்தத்தை விலையாகக் கேட்பது கொடுமையில்லையா என்று கேட்டார். அவருக்கு ஒரு மகன் இருந்தான். (அந்தக் குழந்தையைச் சகோதரி வீட்டில் விட்டவர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) சிலுவையில் தெரியும் அன்பு நம்மிடமும் அன்பைக் கிளப்பவேண்டும், அதற்காகத்தான் அது என்றார் அவர். என் ஓட்டு அபெலார்டுக்கு.

தகப்பன் பிள்ளையைப் பிடித்துத் தள்ளிய கதையாக இதைப் படிக்கிறீர்கள். யோவான் நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தில் இயேசு, என் உயிரை யாரும் பறிக்கவில்லை, நானே கொடுக்கிறேன் என்கிறார். அந்த மகனும் கடவுளே என்பது கிறிஸ்தவர்கள் நம்பிக்கை. அப்படியானால் கடவுள் அடுத்தவர் உயிரை எடுத்துக் கொடுக்கவில்லை. ஒப்புக்கொள்வதும் கொள்ளாததும் உங்கள் இஷ்டம்.

ஊசி போடும்போது வெளியே நிற்கிறீர்கள், சரி. உள்ளே பையனைப் பிடித்துக்கொண்டிருப்பது யார்?

இந்தக் கதைகளில் எல்லோரும் அப்பாவைப் பற்றியே கேட்கிறார்கள். பைபிளில் ஆபிரகாம் மகன் ஈசாக்கைப் பலி கொடுக்கக் கூட்டிக்கொண்டு மோரியாவுக்குப் புறப்படுகிறார், மூன்றாம் நாள் இடம் கண்ணில் படுகிறது. மனைவி சாராளிடம் ஒரு வார்த்தை சொன்னதாக ஆதியாகமத்தில் இல்லை. அடுத்த அதிகாரத்தில் அவள் 127 வயதில் இறந்துபோகிறாள். நம் பெரியபுராணத்தில் சிறுத்தொண்டர் அடியாராக வந்த சிவனுக்காக மகன் சீராளனைக் கறி சமைக்கத் துணிகிறார். படிக்கக் குலை நடுங்குகிறது, ஆனால் மனைவி திருவெண்காட்டு நங்கையிடம் சொல்லிவிட்டுத்தான் செய்கிறார். பிள்ளையின் காலைப் பிடித்துக்கொள்வதும் அவர்தான். அந்த இரண்டு பிள்ளைகளும் பிழைத்து வந்துவிட்டார்கள். இயேசுவைச் சிலுவையில் அறைந்த கல்வாரியில் கடைசி நிமிஷத்தில் யாரும் தடுக்கவில்லை. தாய் மரியாள் சிலுவைக்குப் பக்கத்தில் நின்றதாக யோவான் எழுதுகிறார். அழுதாள் என்றுகூட எழுதவில்லை.

செப்டம்பர் 8 அன்று சிவாஜிநகர் மரியன்னை பேராலயத் தேருக்குப் போய்ப் பாருங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், பிள்ளைக்கு வேலை, பிள்ளைக்கு வரன் என்று அத்தனை மனுவும் புடவை கட்டிய அந்த அம்மாவிடம்தான் போகிறது. வேண்டுகிறவர்களில் பாதிப்பேர் நெற்றியில் குங்குமத்தோடு நிற்பார்கள். அன்செல்மின் கடன் கணக்கு அவர்களுக்குத் தெரியாது, தேவையும் இல்லை. அங்கே தமிழிலும் பூசை உண்டு. தமிழா கன்னடமா என்று இந்த ஊர்க் கோயில்களில் நடந்த சண்டை பெரிய கதை. யாராவது கேட்டால் இரண்டு பக்கம் எழுதக் காத்திருக்கிறேன். அரைப் பக்கத்துக்கு மேல் கிடையாது என்கிறார் உதவி ஆசிரியர்.