பயிற்சி முடித்தவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு வேலை கிடைத்தால், அந்தத் திட்டம் வெற்றி எனலாமா?

அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. இதே மாதிரி எண்ணைத் தயாரித்துக் கொடுத்தவன் நான் என்பதால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

பயிற்சித் திட்டங்களை மதிப்பீடு செய்யும் குழு ஒன்றில் சில காலம் இருந்தேன். பட்டியலை வைத்துக்கொண்டு, முடித்தவர்களுக்கு வரிசையாகப் போன் போடுவதுதான் வேலை. ஒரு பையன் "வேலை கிடைச்சுதுங்க" என்றான். எங்கே என்று கேட்டேன். "மாமா ஒர்க்‌ஷாப்லதான். கோர்ஸுக்கு முன்னாடியும் அங்கதான் இருந்தேன்." படிவத்தில் அதற்கெல்லாம் கட்டம் கிடையாது. 'ஆம்' என்று டிக் போட்டேன். மூன்றாவது வாரமே வேலையை விட்டு நின்றுவிட்ட ஒரு பெண்ணுக்கும் அதே டிக்தான்.

இந்தப் பயிற்சியே இல்லாவிட்டாலும் எத்தனை பேர் வேலைக்குப் போயிருப்பார்கள்? அது தெரியாமல் ஏழு என்பதை அதிகம் என்றும் சொல்ல முடியாது, குறைவு என்றும் சொல்ல முடியாது.

சரி, முன்பு வாங்கிய சம்பளத்தையும் இப்போது வாங்குவதையும் ஒப்பிடலாமே என்று தோன்றும். அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. அமெரிக்காவில் பயிற்சியில் சேர்ந்தவர்களின் வருமானம், சேர்வதற்குச் சற்று முன்பு சரிந்திருந்ததை 1978இல் பொருளாதார அறிஞர் ஓர்லி ஆஷன்ஃபெல்டர் காட்டினார். இயல்புதானே, வேலை போனவர்தான் பயிற்சிக்கு வந்து நிற்பார். அவர் தானாகவே பழைய நிலைக்கு ஏறி வந்ததையும் பயிற்சியின் வரவாக எழுதிவிடுகிறோம்.

அதனால்தான் ஆய்வாளர்கள் குலுக்கலை நம்புகிறார்கள். 1980களின் கடைசியில் அமெரிக்காவில் 16 இடங்களில், சுமார் 20,000 விண்ணப்பதாரர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு மட்டும் பயிற்சித் திட்டத்தைத் திறந்துவிட்டு, மீதிப் பேரோடு ஒப்பிட்டார்கள். பெரியவர்களின் வருமானம் ஓரளவு கூடியது. பள்ளியை விட்டு வெளியே இருந்த இளைஞர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை.

ஒரு ஊரின் பொருளாதாரத்தை யோசிப்பவர்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. பிரான்சில் 235 வேலைவாய்ப்பு அலுவலகங்களின் பகுதிகளில், படித்த இளைஞர்களுக்கு வேலை தேடித்தர உதவும் திட்டத்தைச் சோதித்தார்கள். 2013இல் முடிவு வெளியானது. உதவி பெற்றவர்களுக்கு வேலை சீக்கிரம் கிடைத்தது. ஆனால் அந்த ஆதாயம் நிலைக்கவில்லை. அதிலும் ஒரு பங்கு, உதவி கிடைக்காத மற்ற இளைஞர்களின் வாய்ப்பிலிருந்து வந்தது. வேலைச் சந்தை மந்தமாக இருந்த பகுதிகளில் இது இன்னும் அதிகம். வேலைகள் கூடாமல் ஆட்களை மட்டும் தயார் செய்தால் இப்படித்தான் ஆகும்.

பயிற்சியே வீண் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அடுத்த முறை யாராவது 'பத்துக்கு ஏழு' என்று காட்டினால், ஆறு மாதம் கழித்து அந்த ஏழு பேரில் எத்தனை பேர் அதே வேலையில் இருந்தார்கள் என்று கேளுங்கள். அப்புறம், கேள்வியில் 'முடித்தவர்களில்' என்று இருக்கிறது பாருங்கள். சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? நான் எழுதிக் கொடுத்த அறிக்கையில் அந்த எண்ணே இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.