மட்டைக்குள்ளேயே இருக்கிறது பசை

கேள்வி: பொள்ளாச்சி பக்கத்தில் சிறிய தேங்காய் நார் ஆலை வைத்திருக்கிறேன். புளியங்கொட்டைப் பொடியைப் பசையாகக் காய்ச்சி, துண்டு நாரோடும் நார்த்தூளோடும் கலந்து, ஜாக்கி அச்சில் அழுத்திப் பலகை செய்தேன். காய்ந்ததும் கல் மாதிரி இருந்தது. ஐப்பசி மழையில் ஓரமெல்லாம் உப்பிப் பூசணம் பிடித்துவிட்டது. யூரியா பசை வேண்டாம் என்றிருக்கிறேன், நெடி கண்ணை எரிக்கிறது. புளியங்கொட்டையோடு எதைச் சேர்த்தால் நிற்கும்?

பதில்: எதையும் சேர்க்க வேண்டாம். புளியங்கொட்டையையே விட்டுவிடுங்கள்.

அது மட்டமான பசை இல்லை. கொண்டபல்லி பொம்மைக்காரர்கள் மரத்தூளோடு புளியங்கொட்டைப் பொடியைக் குழைத்துத்தான் இன்றும் கை கால்களை ஒட்டுகிறார்கள். ஆனால் பொம்மை அலமாரியில் இருக்கிறது, மேலே வர்ணமும் உண்டு. உங்கள் பலகைக்கு அந்த வசதி இல்லை. வெந்நீரில் கரைந்து பசையான மாவு, காய்ந்த பிறகும் தண்ணீரைக் கண்டால் இளகத்தான் செய்யும். மைதா, மரவள்ளி மாவு எல்லாம் இதே கதைதான். புத்தகம் கட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். அது பூச்சியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது.

யூரியா பசையைத் தவிர்ப்பது நியாயமே. அதிலிருந்து வருவது பார்மால்டிஹைடு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. முந்திரிக் கொட்டை ஓட்டு எண்ணெய்ப் பசை, வாட்டில் (wattle) மரப்பட்டைப் பசை என்று விற்க வருகிறவர்களிடம் ‘இறுக வைப்பதற்கு என்ன சேர்க்கிறீர்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். பல சமயம் அங்கேயும் பார்மால்டிஹைடுதான் பதிலாக வரும்.

இனி மட்டைக்கு வருவோம். தேங்காய் மட்டையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு லிக்னின் இருக்கிறது. மரத்தின் இழைகளைப் பிடித்து நிறுத்துவதும் இதே பொருள்தான். சூட்டில் இளகி, அழுத்தத்தில் பரவி, இறுகிப்போகும். நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் 2000-களின் தொடக்கத்திலேயே, முழு மட்டையை உலர்த்தி அரைத்து, பசை ஒரு சொட்டும் சேர்க்காமல் சூட்டு அச்சில் அழுத்திக் கெட்டியான பலகை செய்து காட்டினார்கள். நாரையும் தூளையும் பிரிக்காததுதான் அதன் சூட்சுமம். நார் வலு தருகிறது, தூள் பசையாகிறது. நீங்கள் கழிவு என்று குவித்து வைத்திருக்கும் தூள்தான் இங்கே முக்கியமான சரக்கு. ஊறப்போட்ட மட்டை வேண்டாம், காய்ந்த மட்டையாகப் பாருங்கள்.

ஜாக்கி அச்சு இதற்குப் போதாது. 140 டிகிரிக்கு மேல், 180 வரை ஏறுகிற சூட்டு அச்சு வேண்டும். இந்தச் செலவு தாங்காது என்றால் இந்த வழியே உங்களுக்கு இல்லை. அதை முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெரும்பாலோர் தோற்பது ஈரத்தில்தான். நார்த்தூள் தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீர் குடிக்கும். ஈரத்தோடு அழுத்தினால் நீராவி உள்ளே சிக்கி, அச்சைத் திறந்ததும் பலகை ‘படார்’ என்று நடுவில் பிளக்கும். நன்றாக உலர்த்துங்கள். அழுத்தும்போது நடுவில் ஒருமுறை அச்சைச் சற்றுத் தளர்த்தி ஆவியை விடுங்கள். முதலில் 3, 4 மில்லிமீட்டர் கனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தடிமன் கூடக்கூட இந்தத் தொல்லையும் கூடும்.

மட்டை இல்லாமல் மரத்தூளில் செய்ய நினைத்தால், கியோட்டோ பல்கலைக்கழகம் காட்டிய வழி உண்டு: சிட்ரிக் அமிலம் ஒரு பங்கு, சர்க்கரை மூன்று பங்கு, மொத்தம் தூளின் எடையில் 20 சதவீதம், 200 டிகிரியில் 10 நிமிடம். பலகை கருத்துப்போகும், அமிலம் இரும்புத் தகட்டை அரிக்கும். அதனால் எவர்சில்வர் தகடு போட வேண்டியிருக்கும்.

எந்த வழியில் செய்தாலும், விற்பதற்கு முன் ஐந்து சென்டிமீட்டர் சதுரமாக நாலு துண்டு வெட்டி, கனத்தை வெர்னியரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் மூழ்கப் போட்டு, 2 மணி நேரம் கழித்து ஒருமுறை, மறுநாள் ஒருமுறை அளங்கள். கூடவே உங்கள் பழைய புளியங்கொட்டைப் பலகையிலும் ஒரு துண்டு போட்டுப் பாருங்கள்.