பத்தை விட்டுப் பதினொன்றுக்குப் போகலாமா?

வாசகர் கேள்வி பதில்: கணினிப் பகுதி

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றன. அதிலிருந்து இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை, விண்டோஸ் 11க்கு மாறலாமா என்ற ஒரே ஐயத்தைத்தான் எழுப்புகின்றன. வேலூர், ராணிப்பேட்டை மாவட்டங்களிலிருந்து வந்தவற்றுள் நான்கை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை. 2016இல் என் மகன் வாங்கித் தந்த மடிக்கணினியில் (ஐ3, ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ரேம்) வங்கிக் கணக்கைப் பார்க்கிறேன், பேரப்பிள்ளைகளோடு பேசுகிறேன், எங்கள் தெருக் கோயிலின் வரலாற்றைத் தட்டச்சு செய்துவருகிறேன். இக்கணினி விண்டோஸ் 11க்குத் தகுதியற்றது என்று திரையில் வருகிறது. தகுதி இல்லாவிட்டாலும் ஏற்றித் தருவதாகக் கடைக்காரத் தம்பி சொல்கிறார். ஏற்றிக்கொள்ளலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, காட்பாடி

பதில்: வேண்டாம், அம்மா. அந்தத் தம்பி சொல்வது பொய்யில்லை. தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11ஐ நிறுவும் வழிகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால், இன்டெல் செயலியாக இருந்தால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும் என்பது விண்டோஸ் 11இன் விதி. உங்களுடையது ஆறாம் தலைமுறை. இப்படி விதியை மீறி நிறுவப்படும் கணினிகளுக்குத் திருத்தங்கள் வந்துசேரும் என்பதற்கு உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்டே அறிவித்திருக்கிறது. ஆண்டுதோறும் வெளியாகும் புதிய பதிப்பும் அக்கணினிகளுக்குத் தானாக வராது என்பதால், ஒவ்வொரு முறையும் நீங்கள் அதே கடையின் படியேற வேண்டியிருக்கும். எந்தப் பாதுகாப்புக்காக மாற நினைக்கிறீர்களோ, அந்தப் பாதுகாப்பே உறுதியில்லாத ஒன்றுக்குப் பணம் கொடுப்பதில் பயன் இல்லை.

அதற்காக இப்போதைய நிலையிலேயே இருந்துவிடலாம் என்றும் நான் சொல்லமாட்டேன். ஆதரவு முடிந்த நாளில் கணினி நின்றுவிடவில்லை. நேற்றுப்போல் இன்றும் ஓடுகிறது. அதனாலேயே பலர் இதைப் பெரிதாக எண்ணுவதில்லை. இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பார் இல்லை என்பதுதான் இங்கே நடந்திருக்கும் மாற்றம். 2017ஆம் ஆண்டு மார்ச் 14 அன்று விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டைக்குத் திருத்தம் வெளியானது; மே 12 அன்று அதே ஓட்டையின் வழியாக ‘வன்னாக்ரை’ என்னும் பணயத் தீநிரல் புகுந்து, ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இரண்டு மாதம் திருத்தத்தை ஏற்றாமல் இருந்தவர்களே பெரும்பாலும் சிக்கினார்கள். திருத்தமே வராத கணினியில் ஓய்வூதியக் கணக்கைத் திறப்பது எனக்குக் கவலை தருகிறது.

உங்களுக்கு இரண்டு படிகளாக ஒரு வழி சொல்கிறேன். தனிநபர் கணினிகளுக்காக 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பும் ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கும் இருந்தால், ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்திலேயே அதில் சேரலாம். கணினியின் அமைப்புகளை அக்கணக்கோடு ஒத்திசைக்க இசைந்தால் கட்டணம் இல்லை. இது அவகாசம் மட்டுமே. அந்த அவகாசத்துக்குள், விண்டோஸுக்கு மாற்றான விலையில்லா இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22ஐ ஒரு பென் டிரைவில் ஏற்றி, கணினியில் எதையும் அழிக்காமல், அந்தப் பென் டிரைவிலிருந்தே சில நாள் ஓட்டிப் பாருங்கள். ஃபயர்பாக்ஸ் உலாவியும், தட்டச்சு வேலைக்கான லிப்ரே ஆபீஸும் அதிலேயே இருக்கின்றன. தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம். மின்ட் 22க்கான ஆதரவு 2029 வரை உண்டு. உங்கள் மூன்று வேலைகளுக்கும் அது தாராளமாகப் போதும். கடைக்காரத் தம்பிக்குக் கொடுக்க வைத்திருந்த தொகையோடு சிறிது சேர்த்து, பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி வட்டைப் போடச் சொல்லுங்கள். பத்தாண்டுக் கணினியின் மந்தத்துக்குப் பெரும்பாலும் அந்த வட்டுதான் காரணம். அதுவரை வங்கி வேலையைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: 2020இல் வாங்கிய என் மேசைக் கணினியில் பத்தாம் தலைமுறை ஐ5 இருக்கிறது. இருந்தும் ‘டிபிஎம் 2.0 இல்லை’ என்று சொல்லி விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது. புதிய மதர்போர்டு வாங்க வேண்டுமா?
— கல்லூரி மாணவர், ஆற்காடு

பதில்: வாங்க வேண்டாம், தம்பி. டிபிஎம் என்பது கணினியின் பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் வசதி. கடைகளில் உதிரிப் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கணினிகளில் இது பல நேரம் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். கணினி எழும்பும்போது முதலில் இயங்கும் அடிப்படை நிரலான பயாஸுக்குள் சென்று, இன்டெல் பலகை என்றால் ‘பிடிடி’, ஏஎம்டி என்றால் ‘எஃப்டிபிஎம்’ என்னும் பெயரில் உள்ளதை இயக்குங்கள். வட்டு பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தால் அதை ஜிபிடி முறைக்கு மாற்றிய பிறகே, விண்டோஸ் 11க்குத் தேவையான யுஇஎஃப்ஐ என்னும் புதிய முறையில் கணினி எழும்பும்; விண்டோஸ் 10இலேயே அதற்கான கருவி இருக்கிறது. கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்துவைக்காமல் அந்தக் கருவியைத் தொடாதீர்கள். விண்டோஸ் 10 முறையான உரிமத்தோடு இருந்தால் பதினொன்றுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

கேள்வி: இருபது ஆண்டுகளாக டிடிபி மையமும் சிறு அச்சகமும் நடத்துகிறேன். திருமணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், திருவிழா நோட்டீஸ் எல்லாம் பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு நிரலில்தான். பாமினி உள்ளிட்ட பழைய எழுத்துருக்களில் ஆயிரக்கணக்கான கோப்புகள் இருக்கின்றன. கணினியில் 32-பிட் விண்டோஸ் 10 ஓடுகிறது. மாறினால் எழுத்தெல்லாம் கெட்டுவிடும் என்று சிலரும், மாறாவிட்டால் வைரஸ் வந்துவிடும் என்று சிலரும் சொல்கிறார்கள். தூக்கமே வரவில்லை, ஐயா.
— அச்சக உரிமையாளர், குடியாத்தம்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இருபது ஆண்டு உழைப்பு ஒரே பெட்டிக்குள் இருக்கும்போது தூக்கம் வராததில் வியப்பில்லை. உங்களிடம் வந்த இரு தரப்பாரும் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் எழுத்துரு. பாமினி போன்றவை ட்ரூடைப் என்னும் எழுத்துரு வகையில் இருப்பதால் விண்டோஸ் 11இலும் இயங்கும். மாறியதாலேயே எழுத்துக் கெடாது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பாமினியில் திரையில் ‘அ’ என்று நீங்கள் பார்ப்பது, கணினியின் கணக்கில் ஆங்கிலச் சிற்றெழுத்தான ‘எம்’ மட்டுமே. எழுத்துரு அதற்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை விலகி, உங்கள் அழைப்பிதழ் ஆங்கில எழுத்துக் குவியலாகக் காட்சியளிக்கும். ஆகவே, எந்த முடிவை எடுத்தாலும், ஃபான்ட்ஸ் கோப்புறையிலுள்ள அத்தனை எழுத்துருக்களையும் இன்றே ஒரு வெளிவட்டில் படியெடுத்துவையுங்கள்.

அடுத்தது 32-பிட், அதாவது இன்றைய 64-பிட்டுக்கு முந்தைய பழைய வகை. விண்டோஸ் 11இல் 32-பிட் பதிப்பே கிடையாது. 32-பிட் விண்டோஸின் மேலேயே 64-பிட் விண்டோஸை ஏற்றி நிரல்களைக் காப்பாற்றிக்கொள்ளவும் முடியாது. வட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுவதுதான் ஒரே வழி. அப்போது பேஜ்மேக்கரையும் மீண்டும் நிறுவ வேண்டும். அதன் கடைசிப் பெரும்பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல்; விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பின் வந்த பதிப்புகளுக்கு அதை உருவாக்கிய அடோபி நிறுவனத்தின் ஆதரவு இருந்ததில்லை. உங்களிடம் அதன் குறுந்தகடு இன்னும் இருக்கிறதா, படிக்கிறதா என்று பார்த்தீர்களா? இதைவிடப் பழைய நிரல்கள் சிலவற்றுக்கு நிறுவிப் பகுதி 16-பிட்டில் எழுதப்பட்டிருக்கும். 64-பிட் விண்டோஸ் அதைத் திறக்கவே திறக்காது. மாறியபின் இதைக் கண்டுபிடித்தால் திரும்பும் வழி அடைபட்டிருக்கும்.

எனவே, இந்தக் கணினியை மாற்றாதீர்கள்; இணையத்திலிருந்து பிரித்துவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. வலைக் கம்பியைக் கழற்றி, வைஃபையையும் அணைத்துவிட்டால், திருத்தம் வராததால் வரும் ஆபத்தின் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். மிச்சம் இருக்கும் வாசல் பென் டிரைவ். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவை இதில் நேராகச் செருகுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பழைய வேலைகளைத் திறப்பது, மறு அச்சுக்கு எடுப்பது ஆகியவற்றுக்கு மட்டும் இது இருக்கட்டும்.

புதிய வேலைக்கும் இணையத்துக்கும் விண்டோஸ் 11 உள்ள இரண்டாவது கணினி ஒன்று வாங்குங்கள். செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் இன்று வாடிக்கையாளர்கள் வாசகங்களை வாட்ஸ்அப்பில், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு தமிழில் அனுப்புகிறார்கள். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாததால், அதை ஒவ்வொரு முறையும் பழைய குறியீட்டுக்கு மாற்றியோ திரும்பத் தட்டச்சு செய்தோ நேரத்தை இழக்கிறீர்கள். ஒரு தாத்தாவின் பெயரில் ‘ண’ ‘ன’ மாறிப்போய் முந்நூறு பத்திரிகை வீணாவது இந்த இடத்தில்தான். யூனிகோடு தமிழைச் சரியாகக் கோக்கும் பக்க வடிவமைப்பு நிரல்களான இன்டிசைனோ, விலையில்லாத ஸ்கிரைபஸ் 1.6ஓ புதிய கணினியில் இருந்தால் அந்த வேலை மிச்சம். பழைய கோப்புகளில் மீண்டும் தேவைப்படும் வாசகங்களை மட்டும் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியின் உதவியால் யூனிகோடாக்குங்கள். மற்றவற்றை எழுத்துருவையும் உட்பொதித்துப் பிடிஎஃப் ஆக்கிவைத்தால் போதும்.

ஒன்றை என் அனுபவத்திலிருந்து சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், புதிய விண்டோஸ் ஏற்றுவதற்காக என் கணினியை ஒரு பழுதுபார்க்கும் கடையில் விட்டேன். டி டிரைவைத் தொடமாட்டோம் என்றார்கள். சொன்னபடி தொடவும் இல்லை. மறைந்த என் தந்தை எழுதிய கடிதங்களை ஸ்கேன் செய்து டெஸ்க்டாப்பில் வைத்திருந்தேன். டெஸ்க்டாப் என்பது சி டிரைவின் ஒரு பகுதி என்று அவர்கள் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் படிகள் இன்றுவரை கிடைக்கவில்லை. உங்கள் மேசைத் திரையில் எத்தனை கோப்புகள் கிடக்கின்றன என்று இப்போதே எண்ணிப் பாருங்கள். இரண்டு வெளிவட்டுகளில் படியெடுத்து, ஒன்றைக் கடையிலும் மற்றொன்றை வீட்டிலும் வையுங்கள்.

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை ஒட்டி உங்கள் ஊர் அச்சகங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. படியெடுக்கும் வேலையை அதற்கு முன்பும், புதிய கணினியில் பழகுவதை அதற்குப் பின்பும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் தணிக்கையாளர் அலுவலகத்தில் ஆறு கணினிகள், எல்லாமே தகுதியுள்ளவை என்று சோதனையில் வந்துவிட்டது. டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கணக்கு மென்பொருள், பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஆகியவற்றைப் பயன்படுத்துகிறோம். எப்போது, எப்படி மாறுவது?
— அலுவலக மேலாளர், ராணிப்பேட்டை

பதில்: மாறத்தான் வேண்டும்; பிறருடைய வரிக் கணக்கைக் கையில் வைத்திருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆறையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை மட்டும் முதலில் மாற்றி, அதில் டோக்கனைச் செருகிக் கையொப்பம் இடுங்கள், கணக்கு மென்பொருளைத் திறந்து ஒரு மாத அறிக்கை எடுங்கள், டாட் மேட்ரிக்ஸில் ஒரு பக்கம் அச்சிடுங்கள். டோக்கனுக்கும் பிரிண்டருக்கும் புதிய டிரைவர் (அவற்றைக் கணினியோடு இணைந்து இயங்கச் செய்யும் நிரல்) இருக்கிறதா என்பதை மாறுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

விண்டோஸ் 10இன் மேலேயே பதினொன்றை ஏற்றினால், முதல் பத்து நாள்களுக்குள் ‘ரெகவரி’ பக்கத்திலிருந்து பழையதற்கே திரும்பலாம். அதன்பின் பழைய விண்டோஸின் கோப்புகள் அழிக்கப்பட்டுவிடும். உங்கள் தொழிலில் ஜிஎஸ்டி வரிப் படிவங்களுக்கு மாதந்தோறும் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்று கெடு இருக்கிறது. 21ஆம் தேதி தொடங்கினால், திரும்பும் வாய்ப்புள்ள பத்து நாளும் இந்த இரண்டு மாதக் கெடுக்களும் இல்லாத நாள்களாக அமையும். ஜூலை, செப்டம்பர் போன்ற மாதங்களின் கடைசி வாரங்களில் வருமான வரிக் கெடுக்கள் வருவதால் அவற்றை விட்டுவிடுங்கள்.

கத்திரி வெயிலில், மின்சாரம் போய்வரும் பிற்பகலில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். பாதியில் மின்சாரம் போனால் கணினி எழும்பாமலே போகக்கூடும். யுபிஎஸ் பேட்டரி உண்மையில் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று முந்தின நாளே கம்பியை உருவிச் சோதித்துவிட்டு, காலையில் அலுவலகம் திறந்தவுடன் தொடங்குங்கள்.

எதிர்காலத்தில் இந்த ஆறு கணினிகளுள் ஒன்றில் 24எச்2 அல்லது அதற்குப் பிந்தைய விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், வட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்படக்கூடும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படக்கூடும். அதன் 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்படும். அது வேலையை விட்டுப்போன ஒரு பணியாளரின் சொந்தக் கணக்காக இருந்தால், ஒருநாள் பயாஸில் ஏதோ மாறிக் கணினி சாவியைக் கேட்கும்போது, உங்களிடம் பதில் இருக்காது. அலுவலகத்தின் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி, ஆறு கணினிகளின் சாவிகளையும் தாளில் அச்சிட்டு, கையொப்ப டோக்கன்களை வைக்கும் பீரோவிலேயே பூட்டிவையுங்கள்.