விபத்தோ சிக்னலோ இல்லாத நெடுஞ்சாலையில் ஏன் திடீரென்று நெரிசல் ஏற்படுகிறது?

பெருந்துறையிலிருந்து கோவைக்கு வாரம் நான்கு நாள் காரில் போய் வருகிறேன். கால் மணி நேரம் ஊர்ந்து, முன்னால் ஏதோ லாரி கவிழ்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனால் அங்கே ஒன்றுமே இருக்காது. சாலை துடைத்துவிட்டதுபோல் காலியாகக் கிடக்கும்.

நான் பார்த்தவரை, வண்டிகள் வந்து சேரும் இடத்தில்தான் வினை தொடங்குகிறது. அவிநாசி தாண்டி, சர்வீஸ் சாலை பெரிய சாலையில் ஏறும் ஓர் இடம். காலை எட்டரைக்கு பனியன் கம்பெனி வேன் ஒன்று முப்பது கிலோமீட்டர் வேகத்தில் மூக்கை நீட்டும். எண்பதில் வருகிறவர் பிரேக்கை மிதிப்பார். அவரை ஒட்டிக்கொண்டு வருகிறவர் இன்னும் அழுத்தி மிதிப்பார். பத்தாவது வண்டி நின்றே போகும். வேன் நீலாம்பூரைத் தாண்டிய பிறகும் அது போட்ட முடிச்சு பின்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கும்.

ஜப்பானில் சுகியாமா என்ற ஆய்வாளரின் குழுவினர் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தில் 22 கார்களை ஓடவிட்டுப் பார்த்தார்கள்; ஆய்வு 2008இல் வெளியானது. எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் நெரிசல் தானாக உருவாகி, மணிக்குச் சுமார் 20 கி.மீ. வேகத்தில் பின்பக்கமாக நகர்ந்தது. அங்கே குறுக்கே நுழைய ஆள்கூட இல்லை. நமக்கோ வேனும் உண்டு, கரும்பு டிராக்டரும் உண்டு.

சாலை வேலைக்காக ஒரு தடத்தை அடைத்திருக்கும்போது, கடைசிவரை வந்து நுழைகிறவரைத் திட்டுகிறோம். நானே இரண்டு தடத்துக்கும் நடுவில் ஓட்டி அவர்களை மறித்திருக்கிறேன், நியாயம் என் பக்கம் என்ற நினைப்பில். ஜெர்மனியில் சட்டமே வேறு: தடம் முடியும் இடம்வரை வந்து, ஜிப் பற்களைப்போல ஒன்றுவிட்டு ஒன்றாகச் சேர வேண்டும். வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அதுதான் சரி. இரண்டு தடமும் நிரம்புவதால் வரிசையின் நீளம் குறைகிறது. வேகமாக ஓடும் சாலையில் மட்டும் இடைவெளி கிடைத்தவுடன் முன்கூட்டியே மாறிக்கொள்ளலாம்.

சங்ககிரியில் லாரி ஓட்டிய என் மாமா இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார். முன்வண்டிக்கு இரண்டு விநாடி தூரம் விட வேண்டும். எழுபது கிலோமீட்டர் வேகத்தில் அது கிட்டத்தட்ட நாற்பது மீட்டர். "அந்த இடத்தில் நுழைகிறவன் நுழையட்டும் கண்ணு. பத்துப் பேர் நுழைந்தாலும் உனக்கு இருபது விநாடிதானே நட்டம்?"

இப்போது அந்த நாற்பது மீட்டரை விட்டுத்தான் ஓட்டுகிறேன். பின்னால் வருகிற பஸ்தான் ஹாரனிலிருந்து கையை எடுப்பதில்லை.