ஏரிக்கரை ராம்ப் ஒடஞ்சு கிடக்கு, சங்கம் பேர்ல கவர்மெண்ட் கிராண்ட் வாங்க முடியுமா?

கேள்வி: டெக்சாஸ்ல டாலஸுக்கு வடக்க ஒரு சின்ன சிட்டில இருக்கோம். தமிழ் குடும்பங்க கொஞ்சம் பேர் சேர்ந்து வீக்எண்ட்ல பக்கத்து ஏரிக்கு மீன் பிடிக்கப் போவோம், ரெண்டு பேர் சின்ன அலுமினிய போட்டும் வாங்கிட்டாங்க. போட் இறக்குற ராம்ப் கீழ்முனையில ஒடஞ்சிருக்கு, போட்டக் கட்டி ஏறி இறங்குற மேடை, டாக்னு சொல்வாங்களே, அது ஆடுது, வீல்சேர்ல வர்ற நண்பருக்கும் ஊர்ல இருந்து வந்திருக்கிற அப்பா அம்மாவுக்கும் உக்காந்து தூண்டில் போட ஒரு மேடை கூட இல்ல. இதுக்கெல்லாம் கவர்மெண்ட் பணம் இருக்குன்னு சொல்றாங்க. எங்க சங்கம் வரிவிலக்கு பதிவு பண்ணினது. நாங்களே அப்ளை பண்ணலாமா?

பதில்: பணம் இருக்கு, ஆனா ராம்ப்புக்கு உங்க சங்கம் அப்ளை பண்ண முடியாது. சிட்டியோ கவுன்ட்டியோ இல்ல அந்த மாதிரி ஒரு லோக்கல் கவர்மெண்ட்தான் பண்ணணும். அதனால சிட்டிய எப்படி அப்ளை பண்ண வைக்கிறதுங்கிறதுதான் உங்க வேலை. அதுக்கு அந்தப் பணம் எங்கேருந்து வருது, என்ன கண்டிஷனோட வருதுன்னு தெரிஞ்சா பேச வசதியா இருக்கும்.

பெரிய பணம் ஃபெடரல்ல இருந்து வருது, ஸ்போர்ட் ஃபிஷ் ரெஸ்டொரேஷன்னு பேரு. 1950ல டிங்கெல்-ஜான்சன் சட்டம்னு ஆரம்பிச்சது, 1984ல வாலப்-ப்ரோ திருத்தம் வந்து பெருசாச்சு. நீங்க கடையில வாங்குற தூண்டில், ரீல், லூர் எல்லாத்துலயும் தயாரிக்கிற கம்பெனியோ இம்போர்ட் பண்றவரோ 10 சதவீதம் ஃபெடரல் வரி ஏற்கனவே கட்டியிருப்பாங்க, பில்லுல தனியா தெரியாது. அதோட மோட்டார் போட்டுக்குப் போடுற பெட்ரோல்ல இருக்கிற வரி, வெளிநாட்டு போட்டுக்கான இறக்குமதி வரி எல்லாம் சேர்ந்து ஒரே ஃபண்டுக்குப் போகுது. அத ஃபிஷ் அண்ட் வைல்ட்லைஃப் சர்வீஸ்ங்கிற ஃபெடரல் அமைப்பு மாநிலங்களுக்குப் பிரிச்சுத் தருது, 40 சதவீதம் நிலப்பரப்பு நீர்ப்பரப்பு கணக்குல, 60 சதவீதம் அந்த மாநிலத்துல காசு கட்டி லைசென்ஸ் எடுத்த மீன்பிடிக்காரங்க எண்ணிக்கை கணக்குல. எந்த மாநிலத்துக்கும் 5 சதவீதத்துக்கு மேல கிடையாது, டெக்சாஸ் அந்த உச்சவரம்புல இருக்கு.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு, இந்தப் பணத்துல 15 சதவீதமாவது மோட்டார் போட் இறங்குற வசதிக்கே செலவு பண்ணணும்னு சட்டத்துலயே இருக்கு, ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு வருஷமும் அப்படிங்கிறது இல்ல, அந்த சர்வீஸ் பிரிச்சு வச்சிருக்கிற ஒரு ரீஜன்ல இருக்கிற மாநிலங்க சேர்ந்து அஞ்சு வருஷ சராசரியில காட்டினாப் போதும். ராம்ப்புக்குன்னே ஒரு பங்கு இருக்குங்கறப்போ சிட்டியில போய் நீங்க தர்மம் கேக்குற மாதிரி தயங்கி நிக்க வேண்டிய அவசியமே இல்ல.

டெக்சாஸ்ல இத டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் டிபார்ட்மெண்ட் போட்டிங் ஆக்சஸ் கிராண்ட்னு நடத்துது. செலவுல 75 சதவீதம் அவங்க, 25 சதவீதம் சிட்டி. 4 லட்சம் டாலர் வேலைன்னு வச்சுக்கிட்டா 3 லட்சம் அங்கேருந்து, 1 லட்சம் இங்கேருந்து. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா பணம் முன்னாடி கைக்கு வராது, சிட்டி மொதல்ல செலவு பண்ணி பில் காட்டித் திரும்ப வாங்கணும், நிலமும் ரோடும் சிட்டி கையில இருக்கணும், எல்லாத்துக்கும் மேல கட்டினதுக்கப்புறம் குறைஞ்சது 25 வருஷம் அத அவங்களே பராமரிக்கணும். கவுன்சில்ல தயங்குறது பெரும்பாலும் இந்த கடைசி விஷயத்துக்குத்தான். 1 லட்சம் டாலர் ஒரு பட்ஜெட்டோட முடிஞ்சிரும், 25 வருஷம் குப்பை அள்றது, டாய்லெட் கழுவுறது, வெள்ளம் வந்து போனா சேறு தள்றது, டாக்க திருப்பிக் கட்டுறது யாரு செய்வான்னு பார்க்ஸ் டைரக்டர் யோசிப்பாரு. நம்ம ஆளுங்க வாட்ஸ்அப்ல 500 கையெழுத்து வாங்கிட்டுப் போய் நிப்பாங்க, அது தப்பில்ல, ஆனா அந்தக் கேள்விக்கு அதுல பதில் இல்லையே. மாசம் ஒரு சனிக்கிழமை சுத்தம் பண்றோம்னு சங்கம் சார்பா எழுத்துல ஒரு பேப்பர் குடுத்தீங்கன்னா அதுக்குத் தனி மரியாதை இருக்கும்.

அதுக்கு முன்னாடி கரை யாரோடதுன்னு பாருங்க. உங்க பக்கத்துல லூயிஸ்வில், லவான், கிரேப்வைன், ரே ராபர்ட்ஸ் எல்லாமே ஆர்மி கோர் ஆஃப் இன்ஜினியர்ஸ்ங்கிற ஃபெடரல் அமைப்போட ஏரிங்க, சுருக்கமா கோர். சிட்டி பார்க்னு போர்டு இருக்கும், ஆனா நிலம் கோரோடது, சிட்டி லீஸ்ல வச்சிருக்கும். அப்போ புது டாக் போடணும்னாலும் கோர் சம்மதம் வேணும், லீஸ் இன்னும் 12 வருஷம்தான் மிச்சம்னா 25 வருஷ பொறுப்ப எப்படி ஏத்துக்குறதுன்னு சிக்கல் வரும், லீஸ நீட்டிக்கிற பேச்சே மொதல்ல ஆரம்பிக்க வேண்டியிருக்கும். ரே ஹப்பார்ட் ஏரி டாலஸ் சிட்டியோடது, அங்க ஆள் வேற. இது தெரியாம தப்பான ஆபீஸ்ல ஆறு மாசம் அலையறவங்க நெறைய.

இன்னொரு கேள்வி, இதுக்குப் பெருசா செலவே இல்ல: இப்ப ஒடஞ்சு கிடக்கிற ராம்ப் எந்தப் பணத்துல, எந்த வருஷம் கட்டினது? பழைய ஸ்டேட் கிராண்ட்ல கட்டினதா இருந்து அந்த ஒப்பந்த காலமும் முடியலேன்னா சிட்டி அத நல்ல நிலையில வச்சிருக்கிறது ஏற்கனவே ஒத்துக்கிட்ட கடமை, நீங்க புதுசா எதுவும் கேக்கவே இல்ல. டெக்சாஸ்ல பப்ளிக் இன்ஃபர்மேஷன் ஆக்ட், அதாவது நம்ம ஊர் தகவல் உரிமைச் சட்டம் மாதிரி ஒண்ணு, அது படி இந்த பேப்பர எழுதிக் கேக்கலாம். சண்டை போடுற தோரணையில கேக்க வேணாம், அப்புறம் அதே ஆளுங்ககிட்டதான் அப்ளிகேஷன் போடச் சொல்லணும்.

ராம்ப் கீழ்முனையில ஒடஞ்சிருக்குன்னு எழுதியிருக்கீங்க, அது ஏன் ஒடஞ்சதுன்னு பாக்கணும், ஏன்னா காரணம் தெரியாம கான்கிரீட் போட்டா மறுபடி ஒடையும். போட்ட ட்ரெய்லர்ல ஏத்தும்போது வின்ச்சுல இழுக்காம மோட்டார முறுக்கி ஏத்துறாங்க பாருங்க, அப்ப ப்ரொப்பெல்லர் தள்ளுற தண்ணி ராம்ப் முடியிற இடத்துல மண்ண அரிச்சு ஒரு குழி தோண்டிரும், அந்த மண்ணு கொஞ்சம் பின்னாடி போய் மேடா சேரும். கான்கிரீட்டுக்கு அடியில பிடிமானம் போயிடுது, ஓரம் ஒடையுது, தண்ணி கம்மியான வருஷம் ட்ரெய்லர் சக்கரம் அந்தக் குழிக்குள்ள இறங்கி ஆக்சில் மாட்டிக்கும். தண்ணி நல்லா எறங்கியிருக்கிற நேரம் ஒரு நாள் போய், ஒரு அளவு கோல நட்டு வச்சு குழி எவ்வளவு ஆழம், கான்கிரீட் எத்தன அடி அந்தரத்துல நிக்குதுன்னு போட்டோ எடுங்க. சிட்டி இன்ஜினியருக்கு 500 கையெழுத்த விட அந்த நாலு போட்டோ உபயோகமா இருக்கும். புதுசா போடும்போது முனையில கல் கொட்டிப் பலப்படுத்துறது, ராம்ப்ப இன்னும் ஆழத்துக்கு நீட்டுறது, 12ல இருந்து 15 சதவீத சரிவுல வைக்கிறது, டயர் பிடிக்க கான்கிரீட்ல சாய்வா வரிவரியா பள்ளம் இழுக்கிறது, இதெல்லாம் எஸ்டிமேட்ல இருக்கான்னு பாருங்க. டெக்சாஸ்ல 2011 வறட்சியில எத்தனையோ ராம்ப் தண்ணி தொடாம காஞ்சு கிடந்துச்சு, அதனால நீட்டுற வேலைய மட்டும் காசு மிச்சம்னு வெட்ட விடாதீங்க.

25 சதவீதத்துல உங்க உழைப்பையும் சேக்க முடியுமான்னு அடுத்து கேப்பீங்க. ஃபெடரல் விதிப்படி தானமா வர்ற வேலை, பொருள் இதெல்லாம் மேட்ச்ல, அதாவது சிட்டி போட வேண்டிய அந்தப் பங்குல காட்டலாம், ஆனா சம்பளத்துக்கு வர்ற ஆள் மாதிரியே நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஷீட் வேணும், ரேட்டும் அந்த வேலைக்கு ஊர்ல குடுக்குற ரேட்தான். சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட் வந்து மரம் தூக்கினா மரம் தூக்குற கூலிதான் கணக்குல ஏறும், இத முன்னாடியே க்ரூப்ல சொல்லிடுங்க. கிராண்ட் ஒப்பந்தம் கையெழுத்தாகறதுக்கு முன்னாடி செஞ்ச வேலைய சாதாரணமா ஏத்துக்க மாட்டாங்க, ஆர்வத்துல முந்திக்கிட்டு எதையும் ஆரம்பிச்சுராதீங்க. இன்னொரு ஃபெடரல் கிராண்ட்ட இதுக்கு மேட்ச்சா காட்டுறதும் பொதுவா செல்லாது. எத எண்ணலாம் எத எண்ணக்கூடாதுன்னு சிட்டி மூலமா ஸ்டேட் ஆபீஸ்ல முன்கூட்டியே எழுத்துல வாங்கிடுங்க.

மேடை விஷயம் வேற. ராம்ப் கிராண்ட் போட்டுக்கானது, கரையில இருந்து தூண்டில் போடுற மேடைக்கு அதே டிபார்ட்மெண்ட்டோட லோக்கல் பார்க் கிராண்ட் பாருங்க, அது 50 சதவீதம், 20,000 பேருக்குக் கம்மியான ஊர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கு. ஸ்போர்ட்ஸ் சாமான் விற்பனை வரியில இருந்து வர்ற பணம், 2019ல வாக்கெடுப்பு வச்சு அத பார்க்குகளுக்கும் வரலாற்று இடங்களுக்கும்னு அரசியல் சட்டத்துலயே கட்டிப் போட்டாங்க. பொதுமக்கள் கருத்துக் கேட்ட கூட்டம் நடந்துச்சா, யார் வந்தாங்கன்னு இதுல பாப்பாங்க, அதனால கூட்டம் நடக்கிற அன்னிக்கு குடும்பத்தோட போய் பேர் குடுத்து ரெண்டு நிமிஷம் பேசுங்க, வீல்சேர் நண்பரே பேசினா இன்னும் நல்லது. டிசைன் வரும்போது கைப்பிடி உயரத்த மட்டும் விடாம கேளுங்க: ஊனமுற்றோருக்கான ஃபெடரல் விதியில கைப்பிடில 25 சதவீதமாவது 34 இன்ச்சுக்கு மேல போகக்கூடாது, அதையும் ஒரே மூலையில ஒதுக்கி வைக்காம பரவலா வைக்கணும். 42 இன்ச்சுல வரிசையா கம்பி போட்டுட்டா அவர் உக்காந்த இடத்துல இருந்து மீன் இழுக்கவே முடியாது, கம்பியதான் பாத்துட்டு இருக்கணும்.

போட்டிங் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் கிராண்ட்னு ஒண்ணு நெட்ல தேடினா மேல வரும், அது 26 அடியோ அதுக்கு மேலயோ இருக்கிற போட் வந்து சில நாள் தங்கிப் போறதுக்கு, உங்க அலுமினிய போட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

சங்கமே நேரடியா கேக்கக்கூடியது ஒண்ணு இருக்கு, டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் டிபார்ட்மெண்ட்டோட கம்யூனிட்டி அவுட்டோர் அவுட்ரீச் ப்ரோக்ராம். கட்டுமானத்துக்குத் தரமாட்டாங்க, ஆனா வெளியில அதிகம் வராத மக்கள ஏரிக்கும் காட்டுக்கும் கூட்டிட்டுப் போற நிகழ்ச்சிக்கு லாபநோக்கமில்லாத அமைப்பே அப்ளை பண்ணலாம். பசங்களுக்கு மீன்பிடி வகுப்பு, தூண்டில், லைஃப் ஜாக்கெட் இதெல்லாம் அதுல வரும். என்னைக் கேட்டா இந்த வருஷம் இத நடத்துங்க, அப்ப சிட்டியில உங்க சங்கத்துக்கு ஒரு பேர் வந்திரும், ராம்ப் அப்ளிகேஷன் அடுத்த சுற்றுல போகட்டும். எப்படியும் அனுமதிகள், டெண்டர் எல்லாம் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் இழுக்கும்.

கட்டி முடிச்சப்புறம் உங்க ஊர்க்காரங்க மட்டும்னு கேட் போட முடியாது, எல்லாருக்கும் திறந்திருக்கணும், பராமரிப்புக்கு நியாயமான கட்டணம் வாங்கிக்கலாம். சில சிட்டிங்க இத கேட்டதும் பின்வாங்கும்.

கடைசியா மீன்பிடி லைசென்ஸ். க்ரூப்ல 17 வயசும் அதுக்கு மேலயும் இருக்கிற எல்லாரும் எடுத்திருக்கணும், கிராண்ட் கேக்குற ஆளுங்க லைசென்ஸ் இல்லாம மாட்டினா நல்லா இருக்காது. ஊர்ல இருந்து வந்திருக்கிற அப்பா அம்மாவுக்கு சீனியர் சலுகை டெக்சாஸ் குடியிருப்பாளருக்கு மட்டும்தான், அவங்களுக்கு நான்ரெசிடெண்ட் லைசென்ஸ் வேணும், ஒரு நாளைக்கு மட்டும்னும் எடுக்கலாம். இல்லேன்னா ஸ்டேட் பார்க் எல்லைக்குள்ள கரையில உக்காந்து பிடிக்கலாம், அங்க லைசென்ஸே தேவையில்ல. ரே ராபர்ட்ஸ் ஏரியில ஸ்டேட் பார்க் இருக்கு, மேடை வர்ற வரைக்கும் அங்க கூட்டிட்டுப் போங்க.