22 மாத மகன் 15 சொற்கள்தான் பேசுகிறான் என்ற கேள்விக்கு

ஆங்கிலச் சொற்களை மட்டும் எண்ண வேண்டாம். பாட்டியிடம் பேசும் மாண்டரின் சீனத்தையும் சேர்த்தே எண்ணுங்கள். சிங்கப்பூரில் உங்கள் கணவர் வீட்டார் நாள் முழுவதும் மாண்டரின் பேசுகையில், குழந்தைப் பராமரிப்பு நிலையத்தின் ஆங்கிலப் பட்டியலில் கிடைத்த 15 என்ற எண்ணைக் கொண்டு பேச்சுத் தாமதம் என்று முடிவுகட்ட இயலாது.

எண்ணிக்கை குறைவாகத் தெரிவதற்கு அந்தப் பட்டியலின் அமைப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். மாண்டரினில் எழுவாயையும் செயப்படுபொருளையும் விட்டுவிட்டு வினையை மட்டும் சொல்வது இயல்பு என்பதால், அம்மொழி கேட்டு வளரும் குழந்தைகள் தொடக்கத்திலேயே வினைச்சொற்களை நிறையப் பேசுகிறார்கள். கைநீட்டி 'பாவ்' என்று தூக்கச் சொல்வதும் ஒரு சொல்லே. பழம், விலங்கு என்று படம் காட்டிக் கேட்டால் அது வெளிப்படாது. உச்சரிப்புக் குழறலை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மாண்டரினில் சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்களான தொனிகள் முதலில் அமையும், நாவை மடித்து ஒலிக்கும் மெய்கள் பல குழந்தைகளுக்கு 4 வயதுக்குப் பிறகே தெளிவுபெறும்.

ஒரு வாரம், அவன் தானாகப் பொருளறிந்து சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் எம்மொழியாயினும் பாட்டியையே குறித்துவைக்கச் சொல்லுங்கள். அவருக்குத்தான் நம் எல்லோரையும்விட அதிகம் தெரிந்திருக்கும்.

2 வயது நிறையும்போது இரு மொழிகளிலும் சேர்த்து 50 சொற்களை எட்டாவிட்டாலோ, இரு சொற்களை இணைத்துப் பேசாவிட்டாலோ, இருமொழிச் சூழலைக் காரணம் காட்டிக் காத்திராமல், செவித்திறன் சோதனையுடன் குழந்தை மருத்துவரை அணுகுங்கள். பேசிய சொற்களை இழந்தாலோ, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிட்டாலோ, உடனே செல்லுங்கள்.