ஒரு பிடி உமியை வடிகாலில் போடுங்கள்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூரில் எங்கள் தெருவுக்குப் போன வருடம் சிமெண்ட் வடிகால் கட்டினார்கள். மழைத்தண்ணீருக்காகக் கட்டியது. இப்போது பாத்திரம் கழுவிய தண்ணீர், ஆட்டோ கழுவிய தண்ணீர், சாணி, கடைக்குப்பை எல்லாம் அதில்தான் போகிறது. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிய முதல் நாளே, வடிகால் போய்ச் சேரும் இடத்தில் ஆற்றில் கறுப்பு நுரை. குடியிருப்போர் சங்கத்துக்கு என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். நோட்டீஸ் அடித்துக் கொடுத்தோம், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எப்படிப் புரியவைப்பது?

பதில்: நோட்டீஸ் பலிக்காததில் ஆச்சரியமே இல்லை. ‘வடிகாலை மாசுபடுத்தாதீர்’ என்று படிப்பவர், அது பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதியது என்றுதான் நினைப்பார். பாத்திரம் கழுவிய தண்ணீரை யார் மாசு என்பார்கள்? அதோடு, மூடி போட்ட சிமெண்ட் வடிகால் எங்கேயோ ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது என்று விவரம் தெரிந்தவர்கள்கூட நம்புகிறார்கள். அப்படிப் போவதில்லை. வழியில் வடிகட்டி கிடையாது, தொட்டி கிடையாது. உங்கள் தெருவில் விழுவது நேராகச் சித்தூர்ப்புழைக்கு, அங்கிருந்து பாரதப்புழைக்கு, கடைசியில் பொன்னானியில் கடலுக்கு. ஆழியாற்றிலிருந்து தமிழ்நாட்டோடு போட்ட ஒப்பந்தப்படி வரவேண்டிய 7.25 டி.எம்.சி. வரவில்லை என்றால் தெருவில் இறங்கிக் குரல் கொடுக்கிற ஊர் உங்களுடையது. வந்து சேர்ந்த தண்ணீரில் நாம் எதைக் கலக்கிறோம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

சொல்லிப் புரியவைக்காதீர்கள், காட்டுங்கள். அடுத்த நல்ல மழையில் தெருப்பிள்ளைகள் நாலு பேரைக் குடையோடு கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு பிடி உமியை வடிகாலில் போட்டுவிட்டு, வடிகால் ஆற்றில் விழும் இடத்துக்குப் போய்க் கரையில் நின்று பாருங்கள். தண்ணீரில் இறங்க வேண்டாம். கொஞ்ச நேரத்தில் உமி மிதந்து வரும். வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளைகள் சொல்வதை எந்த நோட்டீஸாலும் சொல்ல முடியாது. அன்றைக்கே இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் தண்ணீர் பிடியுங்கள். மழை தொடங்கிய முதல் கால் மணி நேரத்தில் ஒன்று, ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று. முதல் பாட்டில் பெரும்பாலும் கட்டங்காப்பி நிறத்தில் இருக்கும். வெயில் காலம் முழுக்கத் தெருவில் படிந்த எண்ணெய், டயர்த் தூள், சாணி எல்லாவற்றையும் முதல் மழைதான் வழித்துக்கொண்டு போகிறது. நீங்கள் பார்த்த கறுப்பு நுரையும் அதுதான். இரண்டு பாட்டில்களையும் டீக்கடை மேசையில் ஒரு வாரம் வைத்துவிடுங்கள்.

அப்புறம், எதைச் சொல்லித் தொடங்குவது? நான் ஒரு ஊரில் ஒன்றரை மணி நேரம் ஆற்றைப் பற்றிப் பேசி முடித்தபோது வந்த ஒரே கேள்வி, ‘கொசுவுக்கு என்ன சார் வழி?’ அன்றிலிருந்து ஆற்றில் தொடங்குவதில்லை, எலியில் தொடங்குகிறேன். வடிகாலில் சோறும் மீன்கழிவும் விழுந்தால் எலி வரும். எலியின் மூத்திரம் மழைத்தண்ணீரில் கலக்கும். காலில் சின்ன வெடிப்பு இருந்தால் போதும், அந்தத் தண்ணீரில் நடப்பவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம். கேரளத்தில் மழைக்காலம் வந்தால் சுகாதாரத் துறை டாக்ஸிசைக்ளின் மாத்திரையைப் பற்றி அறிவிப்பதே இதனால்தான். (வடிகாலில் இறங்கிச் சுத்தம் செய்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.) எலி என்றதும் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

‘ஊற்றாதே’ என்று மட்டும் சொன்னால் ‘பின்னே எங்கே ஊற்ற?’ என்பார்கள். நியாயமான கேள்வி. பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு வாழைத்தடம் இருக்கிறது. நாலு வாழை இருந்தால் ஒரு சின்னக் குடும்பத்தின் அடுக்களைத் தண்ணீரைப் பெரும்பாலும் குடித்துவிடும். சாணி வயலில் உரம், ஆற்றில் மீனுக்கு எமன். அது மட்கும்போது தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. அதனால் தொழுவத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவும் முன் வழித்து எடுக்கச் சொல்லுங்கள். ஆட்டோவை மண்தரையில், வடிகாலுக்குத் தள்ளி நிறுத்திக் கழுவலாம். பிளாஸ்டிக்கை வாங்கிக்கொள்ள ஹரித கர்ம சேனை என்ற கழிவு சேகரிப்புக் குழுவின் பெண்கள் வீட்டுக்கே வருகிறார்கள். மாதக் கட்டணத்துக்கு முணுமுணுப்பவர்களிடம், குப்பை அடைத்த வடிகாலைத் தோண்ட எவ்வளவு செலவானது என்று நகரசபையில் கேட்டுச் சொல்லுங்கள்.

பழைய எஞ்சின் ஆயில் தனி விஷயம். ஒரு காருக்கு ஒருமுறை மாற்றுகிற ஆயில், 10 லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. நம் அளவில் கிட்டத்தட்ட 38 லட்சம் லிட்டர். ஆட்டோவில் ஆயில் குறைவுதான், ஆனால் உங்கள் ஸ்டாண்டில் எத்தனை ஆட்டோ? ஒர்க்‌ஷாப்பில் ஒரு பேரல் வைத்து, பழைய ஆயில் வாங்குபவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள், காசும் வரும். தரையில் சிந்தினால் மரத்தூளைப் போட்டுக் கூட்டி அள்ள வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் சிந்தியதை வடிகாலுக்கு அனுப்பி வைத்ததாகத்தான் அர்த்தம்.

எல்லாவற்றிலும் சிக்கலானது, கழிவறைத் தொட்டியின் குழாயை ராத்திரியோடு ராத்திரியாக வடிகாலில் சொருகியிருக்கும் வீடு. ஒவ்வொரு தெருவிலும் ஒன்றிரண்டு இருக்கும், எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நீங்கள் அந்த வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள், காலாகாலத்துக்கும் பகை. பெயர் சொல்லாமல் வார்டு சபையில், ‘வடிகாலில் உள்ள குழாய்களை நகரசபை சோதிக்க வேண்டும்’ என்று ஒரு தீர்மானம் போடுங்கள். பாதிப் பேர் சோதனைக்கு முன்பே கழற்றிவிடுவார்கள், இது நான் கண்கூடாகப் பார்த்தது.

வடிகால் மூடிகளின் மேல் ஒரு மீன் படம் வரைந்து, தமிழில் ‘இது ஆற்றுக்குப் போகிறது’ என்றும் மலையாளத்தில் ‘இது புழையிலேக்காணு’ என்றும் எழுதுங்கள். பிரஷ்ஷை வடிகாலில் கழுவாமல் இருந்தால் சரி.

துலாவர்ஷத்துக்கு (வடகிழக்குப் பருவமழைக்கு) முன் வடிகாலைத் தூர் வாரச் சொல்லி இப்போதே மனு கொடுத்துவிடுங்கள். வாரிய சேற்றை ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போவது வழக்கம். அன்றைக்கே வண்டி வைத்து எடுக்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழையில் அத்தனையும் திரும்ப உள்ளே போய்விடும்.